ஊரைப் படிக்கும் படிப்பு



பள்ளி இலக்கிய மன்ற விழாவில் கலைப் படிப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் இந்த ஓசூர் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு நடக்கிற பேச்சு இது. ஃபர்ஸ்ட் குரூப்பா, ஐ.டி.ஐ.யா, டிப்ளமோவா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். "எனக்கு வரலாறு பிடிக்கும், ஆர்ட்ஸ் குரூப் எடுத்துக்கறேன்" என்று பிள்ளை வாயைத் திறந்தால், "அதைப் படிச்சு எந்தக் கம்பெனிக்குப் போவே?" என்று ஒரே கேள்வியில் அந்த வாயை மூடிவிடுவோம்.

கேட்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ராகியும் கொள்ளும் மழையை நம்பி விளைந்த பூமி இது. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-ஐ ஒட்டி டி.வி.எஸ். வந்தது, அசோக் லேலண்ட் வந்தது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒன்றாம் தேதி சம்பளம் என்பதை நம் வீடுகள் பார்த்தது அதற்குப் பிறகுதான். மெஷின் படித்த பிள்ளைதான் குடும்பத்தைக் கரையேற்றினான். அந்த நன்றி நமக்கு இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

ஆனால் நாற்பது வருடங்களாக நாம் ஒரு பக்கம் மட்டுமே பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மெஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் நம்மிடம் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த மெஷின் யார் நிலத்தில் வர வேண்டும், என்ன விலை கொடுத்து வர வேண்டும், வந்தால் யாருக்கு நிரந்தர வேலை, யாருக்குக் கான்ட்ராக்ட் என்று முடிவு எடுக்கிற மேஜையைச் சுற்றி எத்தனை நாற்காலிகள் இருக்கின்றன, அதில் எத்தனையில் நம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான்? அந்த மேஜைக்குப் போகிற வழி சட்டம், பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், மொழி. இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வாசலுக்கே வந்திருக்கிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஓர் அறிவிப்பு செய்தார். ஓசூரில் 2000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளக்கூடிய விமான நிலையம் வரும் என்று. அன்றிலிருந்து டீக்கடையில் என்ன பேச்சு? பாகலூரா, பேரிகையா, சூளகிரியா? ஏக்கர் என்ன போகும்? யார் வாங்கி வைத்திருக்கிறார்கள்? ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவருக்குத் தூக்கம் இல்லை, புரோக்கருக்கும் தூக்கம் இல்லை. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று நான் இந்த மேடையில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நான் கேட்பது வேறு.

2013இல் நாடாளுமன்றம் ஒரு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. அதில் நிலம் எடுப்பதற்கு முன்னால் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை குடும்பம் பிழைப்பை இழக்கும், கூலிக்குப் போகிறவர் கதி என்ன, மேய்ச்சல் நிலம் என்ன ஆகும், குளம் என்ன ஆகும், கோயில் என்ன ஆகும் என்று மக்களிடம் போய்க் கேட்டு, எழுதி, ஊர் முன்னால் வைத்து விசாரிக்க வேண்டும். அந்த அறிக்கையைப் பரிசீலிக்க ஒரு நிபுணர் குழு. அந்தக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று 7ஆவது பிரிவு சொல்கிறது: அரசு சாராத சமூக அறிவியலாளர்கள் இரண்டு பேர். ஊராட்சி, கிராம சபை சார்பில் இரண்டு பேர். மறுவாழ்வு நிபுணர்கள் இரண்டு பேர். தொழில்நுட்ப நிபுணர் ஒரே ஒருவர். தம்பிகளே, இதைக் கவனியுங்கள். ஏழு நாற்காலியில் தொழில்நுட்பத்துக்கு ஒன்று. மனிதர்களைப் படித்தவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் மற்ற ஆறு.

கதை இங்கே முடியவில்லை. தமிழ்நாட்டில் தொழிலுக்காக நிலம் எடுக்க 1997இல் வந்த மாநிலச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. அந்தச் சட்டத்தின் வழியே எடுத்தால் நான் இப்போது சொன்ன சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம் இல்லை. இது சரியா என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் ஒரு விதமாகச் சொன்னது, சட்டமன்றம் மறுபடி சட்டம் போட்டது, கடைசியில் 2021இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆக, நாளைக்கு ஒரு நோட்டீஸ் வீட்டுக்கு வந்தால் அது எந்தச் சட்டத்தின்கீழ் வந்த நோட்டீஸ் என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை நாளைக்குள் ஆட்சேபணை எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்பது அடுத்தது. இந்த ஊரில் மோட்டார் வைண்டிங் செய்யத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். இந்த நோட்டீஸைப் படித்து விளக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருக்கிறாரா? அந்த ஒருவர் இல்லாததற்கு நாம் கொடுக்கிற விலை ஏக்கர் கணக்கில் இருக்கும்.

சரி, அது சட்டம், நிலம். கம்பெனிக்குள்ளே வருவோம். கம்பெனிக்குள் கலைப் படிப்புக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நம் ஊர்க் கம்பெனியின் கதையையே சொல்கிறேன்.

1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கைக்கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. தொழிற்சாலை ஓசூரில். அப்போது கிருஷ்ணகிரி மாவட்டம் பிறக்கவில்லை, நாம் தருமபுரி மாவட்டம். தொழில் அதிகம் இல்லாத மாவட்டம். கைக்கடிகாரம் செய்வது நுணுக்கமான வேலை. அதற்கு ஆள் எடுக்க அவர்கள் நகரத்துக்குப் போகவில்லை. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரை விட்டு வெளியே வந்தே பழக்கமில்லாத பிள்ளைகள். அவர்களுக்கு ஓசூரில் வீடு பிடித்துக் கொடுத்து, கூடவே தங்கி அம்மா அப்பா மாதிரிப் பார்த்துக்கொள்ளத் தம்பதிகளையும் அமர்த்தினார்கள். இந்த யோசனை எந்த மெஷின் டிராயிங்கிலிருந்து வந்தது? ஒரு கிராமத்துக் குடும்பம் பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்ப ஏன் தயங்கும் என்று யோசிக்கத் தெரிந்த மனதிலிருந்து வந்தது.

செய்த கடிகாரத்தை விற்க வேண்டுமே. அன்று நாட்டில் கடிகாரம் என்றால் எச்.எம்.டி. மணி பார்க்க ஒன்று போதும் என்று இருந்த ஜனத்திடம், இது அன்பளிப்பாகக் கொடுக்கிற பொருள், உடுப்போடு சேர்த்து அணிகிற அழகு என்று டைட்டன் போய்ச் சொன்னது. அந்தத் தொலைக்காட்சி விளம்பர இசை உங்கள் பெற்றோருக்கு ஞாபகம் இருக்கும். ஐரோப்பாவில் மொசார்ட் 1773இல் அமைத்த 25ஆவது சிம்பொனியின் மெட்டு அது. குவார்ட்ஸ் இயந்திரம் எல்லாருக்கும் பொது. மனிதர்கள் எப்போது, யாருக்கு, எதற்காகப் பரிசு கொடுக்கிறார்கள் என்று தெரிந்திருந்ததும், இருநூறு வருடத்துக்கு முந்தைய இசை நம் காதில் எப்படி விழும் என்று கணிக்க முடிந்ததும்தான் டைட்டனை டைட்டன் ஆக்கியது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆவது பிரிவு, 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்றது. 2020இல் வந்த புதிய சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆக இறக்கியிருக்கிறது. அந்த வேலைக்குப் பொறியியல் பட்டம் கேட்பதில்லை. சமூகப்பணி, சமூக அறிவியல், தொழிலாளர் நலம் படித்தவர்களைக் கேட்கிறார்கள். ஓசூரிலும் சூளகிரியிலும் போச்சம்பள்ளியிலும் அத்தனை பெரிய ஆலைகள் எத்தனை என்று நீங்களே விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறார்கள். விடுதிச் சாப்பாட்டில் குறை வந்தாலும், லைனில் ஒருவர் கை மாட்டிக்கொண்டாலும், சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி பேசினாலும், அங்கே தேவைப்படுகிறவர் அந்தப் பிள்ளையின் பாஷையும் பயமும் புரிந்த ஒரு மனிதர். அவர் இந்த மண்ணின் பிள்ளையாக இருந்தால் எவ்வளவு நல்லது!

பாஷை என்றதும் இந்தப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து எனக்கு ஒரு பெருமிதம் வருகிறது. வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ், மாலூர்ப் பக்கம் போனால் கன்னடம், கடைவீதியில் உருது. எட்டு வயதில் நான்கு மொழியில் விலை பேசுகிற பிள்ளைகள் நீங்கள். சென்னையில் பிறந்த பிள்ளைக்கு இது கிடையாது. ஆனால் இதை நீங்கள் ஒரு சொத்தாக நினைப்பதே இல்லை. ஸ்கூட்டர் திரையில் வரும் எச்சரிக்கை எல்லா மொழியிலும் வர வேண்டியிருக்கிறது. வங்கிச் செயலியும் நீதிமன்றத் தீர்ப்பும் மருந்துச் சீட்டும் அப்படித்தான். மத்திய அரசு 2022இல் பாஷிணி என்ற மொழிபெயர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஏ.ஐ.4பாரத் என்ற குழு 22 இந்திய மொழிகளுக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைச் செய்கிறது. அந்தக் கருவிக்கு மொழியைக் கற்றுக்கொடுக்கிறவர்கள் யார்? இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் எழுதுகிற மொழிபெயர்ப்பாளர்கள். கம்ப்யூட்டர் வந்தால் மொழிபெயர்ப்பாளருக்கு வேலை போய்விடும் என்பார்கள். சாதாரணக் கடிதத்தை அது செய்துவிடும், உண்மைதான். ஒப்பந்தத்தில், தீர்ப்பில், மருந்தில் ஒரு சொல் பிசகினால் உயிரும் சொத்தும் போகும் என்கிற இடத்தில் இறுதியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட மனிதர்தான் வேண்டும். பேசத் தெரிந்தால் மட்டும் அந்த இடம் கிடைக்காது. தெலுங்கையும் கன்னடத்தையும் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இலக்கணத்தோடு கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த எல்லையில் அப்படி ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம், மாலூர் தாலுகாவில் மாஸ்தி என்ற ஊர். உங்களில் பலர் பஸ்ஸில் கடந்திருப்பீர்கள். 1891இல் அந்தப் பக்கத்தில் பிறந்தவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். வீட்டில் பேசியது தமிழ். வறுமையில் வளர்ந்த பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1914இல் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார். இன்றைக்கு அந்தப் பட்டத்தைச் சொன்னால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அவர் மைசூர் சமஸ்தானத்தின் ஆட்சிப் பணியில் சேர்ந்தார். மாவட்டத்தை நிர்வகிக்கும் பதவி வரை உயர்ந்தார். தனக்கு வர வேண்டிய உயர்வு இளையவருக்குப் போனபோது 1943இல் வேலையை உதறிவிட்டு வந்தார். கூடவே கன்னடச் சிறுகதைக்கு அடித்தளம் போட்டார். குடகின் கடைசி அரசனைப் பற்றிய வரலாற்று நாவலுக்காக 1983ஆம் ஆண்டின் ஞானபீட விருது பெற்றார். தமிழ் பேசும் வீட்டில் பிறந்து, ஆங்கிலம் படித்து, கன்னடத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த இலக்கிய விருதை வாங்கித் தந்தவர்! உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது ஒரு சோதனைச் சாவடி மட்டும்தான்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் ஒருவர். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. 1878இல் அங்கே பிறந்தவர் ராஜாஜி. பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பி.ஏ., பிறகு சட்டம், சேலத்தில் வக்கீல். அந்த வக்கீல்தான் 1916இல் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கு ஒரு சங்கம் அமைத்தார். திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல ரசாயனத்தைத் தமிழில் புத்தகமாக எழுதினார். சட்டம் படித்தவருக்கு ரசாயனத்தின் மேல் ஆசை இருந்தது, அதை ஊருக்குச் சொல்ல மொழி இருந்தது.

அவரைப் பாராட்டியவன் இதையும் சொல்லாமல் இறங்கக் கூடாது. 1953இல் முதலமைச்சராக இருந்தபோது, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு கல்வித் திட்டத்தை அவர்தான் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று தமிழ்நாடே கொதித்தது. 1954இல் காமராசர் வந்து அதைக் கைவிட்டார். நியாயமாகத்தான் எதிர்த்தோம். பிள்ளையின் வழியை அப்பன் தொழில் தீர்மானிக்கக் கூடாது என்று சொன்னோம். அப்படிச் சொன்ன நாமே இன்றைக்கு என்ன செய்கிறோம்? பக்கத்தில் எந்தக் கம்பெனி இருக்கிறதோ அதுவே பிள்ளையின் வழி என்று முடிவு செய்துவிடுகிறோம். வாசலில் மோட்டார் கம்பெனி இருந்தால் பிள்ளை மோட்டாருக்கு, செல்போன் கம்பெனி வந்தால் பிள்ளை செல்போனுக்கு. அப்பன் இருந்த இடத்தில் சிப்காட் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு இது வேதனையாக இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இந்த மண்ணின் ஆழம் தெரியவில்லை என்பது இன்னொரு வேதனை. வார்ப்படமும் இரும்பும் நமக்கு 1980இல் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் தொல்லியல் துறை தோண்டி எடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நாலாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் இந்த மாவட்டத்தில் இரும்பு. காலத்தைக் கணித்தது அறிவியல் கூடம். எந்த மேட்டில், எதற்காகத் தோண்ட வேண்டும் என்று கேட்டது வரலாறு படித்த மனிதர். ஓசூரில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு அதியமான் பெயர் வைத்திருக்கிறோம். சங்ககால மன்னன் அதியமான் நமக்கு எப்படித் தெரியும்? அவ்வையாரின் பாட்டால் தெரியும். 1981இல் ஜம்பையில் அவன் பெயர் பொறித்த கல்வெட்டைப் படித்தவர்களால், அசோகன் கல்வெட்டு சொல்லும் சத்தியபுத்திரர் அதியர்களே என்று உறுதியானது. நம் மாவட்டத்து மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகளையும் வயல் வரப்பில் சாய்ந்து கிடக்கிற நடுகற்களையும் படிக்க அடுத்த ஆள் எங்கே?

இப்போது கசப்பான பகுதி. கலைப் பட்டம் வாங்கினாலே வேலை ஓடி வரும் என்று நான் சொன்னால் அது பொய். 2021–22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இளநிலைப் பட்டம் படிப்பவர்களில் மூன்றில் ஒருவர் கலைப் பிரிவில் இருக்கிறார். ஆள் குறைவில்லை. ஆசைப்பட்டுச் சேர்ந்தவர்கள் குறைவு. மார்க் குறைந்த பிள்ளையைத் தள்ளிவிடுகிற இடமாக அதை வைத்திருக்கிறோம். தேர்வுக்கு முந்தைய வாரம் ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் வாங்கிப் படித்த பி.ஏ. எந்தக் கதவையும் திறக்காது. ஐந்து பக்கத்தைப் படித்து அதன் சாரத்தை அரைப் பக்கத்தில் எழுத முடியுமா? ஒரு புள்ளிவிவர அட்டவணையைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியுமா? நாலு பேர் எதிர்த்துப் பேசும்போது கோபப்படாமல் பதில் சொல்ல முடியுமா? இந்த மூன்றும் வந்தால்தான் கலை படித்தான் என்று அர்த்தம். ஃபர்ஸ்ட் குரூப் பிள்ளையின் உழைப்பை ஆர்ட்ஸ் குரூப் பிள்ளையும் போட வேண்டும். ஆசிரியர்களும் அந்த வகுப்புக்கு அதே மரியாதையைக் கொடுக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

உழைக்கிற பிள்ளைக்கு வழி இருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே. தருமபுரியில் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி நடக்கிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குச் சட்டப் படிப்பிலும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியலுக்கு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், சட்டத்துக்கும் இருக்கிறது என்று எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? பெங்களூரில் தேசிய சட்டப் பள்ளி. அதே பெங்களூரின் ஓரத்தில், சர்ஜாபுரத்தில், அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். வரலாறு, பொருளாதாரம், தத்துவம் எல்லாம் அங்கே பி.ஏ.வாகப் படிக்கலாம், குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகையும் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வருகிறது. குரூப் 4 தேர்வில் 200 கேள்வியில் 100 தமிழ். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் கட்டுரைக்கென்றே 250 மதிப்பெண், அறநெறிக்குத் தனித் தாள், மீதியில் பெரும்பகுதி வரலாறும் அரசமைப்பும் சமூகமும் பொருளாதாரமும். பி.இ. முடித்தவர்கள் கூட அந்தத் தேர்வுக்கு உட்காரும்போது சமூகவியலையும் மானிடவியலையும் புதிதாகப் படிக்கிறார்கள். அவர்கள் இருபத்திரண்டு வயதில் தொடங்குவதை நீங்கள் பதினாறில் தொடங்கலாம்.

கம்பெனி நிர்வாகத்தினர் யாராவது வந்திருந்தால் உங்களிடமும் ஒரு வார்த்தை. லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் பெரிய நிறுவனங்களுக்குச் சொல்கிறது. பள்ளிகளுக்கு ஆய்வகமும் கழிப்பறையும் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள், வாழ்த்துகிறேன். இந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கு ஒரு நல்ல நூலகமும், வாரம் ஒரு நாள் சட்டமும் வரலாறும் சொல்லித்தர ஓர் ஆளும் கொடுங்கள். உங்கள் தொழிற்சாலை நிற்கிற ஊரில், ஊரைப் படித்தவர்கள் இருப்பது உங்களுக்கும் நல்லது. விவரம் தெரிந்தவரோடு பேசி ஒரு முடிவுக்கு வரலாம். விவரம் தெரியாத கூட்டத்தோடு மோதத்தான் முடியும்.

தலைமையாசிரியர் அவர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. வருகிற ஜூனில் ஆர்ட்ஸ் குரூப்பை விரும்பிக் கேட்டு வருகிற பத்துப் பிள்ளைகளைத் தனியாகப் பெயர் எழுதி வையுங்கள். மார்க் குறைந்து வந்தவர்களை நான் சொல்லவில்லை, விரும்பி வந்தவர்களைச் சொல்கிறேன். அவர்களுக்குத் தினம் ஒரு தமிழ் நாளிதழ், ஓர் ஆங்கில நாளிதழ், அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பிரதி, சட்ட நுழைவுத் தேர்வுக்கான புத்தகங்கள், கன்னட, தெலுங்கு எழுத்துப் பயிற்சி. இரண்டு வருடத்துக்கு இவ்வளவுதான் தேவை. அந்தச் செலவில் என் பங்கை இந்த மேடையிலேயே தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். மீதியை இந்த ஊர் தர வேண்டும்.